தியேட்டரடியில் தியேட்டர் இல்லாமற் போனது எப்படி?

உங்கள் கேள்வியை முதலில் என் சொற்களில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. எழுபதுகளின் கடைசியில் உங்கள் தந்தையார் இலங்கையின் வடக்கே கிளிநொச்சியில் படம் பார்த்த தியேட்டரைத் தேடி, போன விடுமுறையில் ஏ-9 வீதியில் கரடிப்போக்குச் சந்தியிலிருந்து டிப்போச் சந்தி வரை நடந்திருக்கிறீர்கள். கட்டடமும் இல்லை, அவர் சொன்ன தேநீர்க்கடை வரிசையும் இல்லை, சைக்கிள் விடும் வளவும் இல்லை. வங்கிகளும் கைத்தொலைபேசிக் கடைகளுந்தான் இருந்தன. ஆகவே, தியேட்டர் எங்கே இருந்தது என்றும், போர்தான் அதை இல்லாமற் செய்ததா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இடத்தைக் கண்டுபிடிக்கும் வழியைக் கடைசியில் சொல்கிறேன். நீங்கள் எழுதியதை இரண்டாம் தடவை வாசித்தபோது, உங்களை உறுத்துவது இடம் அல்ல என்று பட்டது. அழிந்த ஊர் திரும்பக் கட்டப்பட்டுவிட்டது, முன்னைவிடப் பெரிய வீதியும் வந்துவிட்டது, அப்படியிருக்க அந்தத் தெரு மட்டும் ஏன் திரும்பி வரவில்லை என்பதே நீங்கள் கேட்க வந்தது.

நான் 1979இல் உள்ளூராட்சிச் சேவையில் தொழில்நுட்ப உதவியாளராகச் சேர்ந்து, இடப்பெயர்வுகளால் இடையிடையே அறுந்துபோன காலத்தையும் கணக்கிற் சேர்த்தால், முப்பது வருடங்களுக்கு மேல் கிளிநொச்சி, வவுனியா, முல்லைத்தீவு அடங்கிய வன்னியின் வெவ்வேறு சபைகளில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். கட்டட வரைபடங்களுக்கு அனுமதி கொடுப்பது, சபை அறவிடும் கட்டட வரியான சோலைவரிக்காகக் கட்டடங்களை அளந்து மதிப்பிடுவது, தியேட்டர்களின் ஆண்டு அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்குமுன் கதவுகளையும் கூரையையும் போய்ப் பார்ப்பது என்பன என் வேலைகள். சினிமா வரலாறு என் துறை அன்று. எந்தப் படம் எத்தனை நாள் ஓடியது என்று என்னிடம் கேட்டுப் பயனில்லை. சுவர், வாசல், வீதி, வரி ஆகிய நான்கையும் பற்றித்தான் பொறுப்போடு பேச முடியும். தியேட்டர்களின் பெயர்களையும் உரிமையாளரின் பெயர்களையும் வேண்டுமென்றே தவிர்க்கிறேன். அந்தக் காணிகள் சிலவற்றின் மீது வழக்குகள் உண்டு. ஓய்வு பெற்ற உத்தியோகத்தன் ஒருவன் பொது இடத்தில் எழுதிய வரி நாளைக்கு யாரோ ஒருவரின் சாட்சியாக மாறுவதை நான் விரும்பவில்லை.

ஒரு தியேட்டர் எப்படித் தன்னைச் சுற்றித் தெருவை உண்டாக்கியது என்பதை விளங்கிக்கொள்ள, அதன் கிடைப்படத்தைப் பார்க்கவேண்டும். வன்னியில் நான் அளந்த பழைய அரங்குகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே அமைப்பில் இருந்தன: வீதிக்கு முகம் காட்டும் உயர்ந்த முன்சுவர், அதற்குப் பின்னே யன்னலற்ற நீண்ட மண்டபம், கடைசியில் திரை. மலிவான கலரி திரைக்கு அருகில் இருக்கும், விலைகூடிய பல்கனி வாசலுக்கு மேலே இருக்கும். அதனால் பல்கனிக்குப் போகிறவர் பிரதான வீதியால் நுழைவார். கலரிக்குப் போகிறவர் பக்கத்து ஒழுங்கைக்குள் இறங்கி, திரைப்பக்கத்துக் கதவால் நுழைவார். கலரி வரிசையில் இடிபடாமல் இருக்க, ஒழுங்கையை ஒட்டி நெஞ்சளவு உயரத்தில் இரண்டு சுவர்களை எழுப்பி, ஒருவர் பின் ஒருவராக மட்டும் நகரக்கூடிய ஓடையொன்றை அமைத்திருப்பார்கள். அதன் முடிவில் ரிக்கற் கொடுக்கும் துவாரம் இருக்கும். ஒரு கைதான் உள்ளே போகும், அதுவும் காசைப் பொத்திக்கொண்டு போகும். ரிக்கற்றோடு வெளியே வரும்போது புறங்கை சுவரில் உரசித் தோல் போகும். அந்தத் துவாரத்தின் கீழ்விளிம்புச் சீமெந்து, ஆயிரக்கணக்கான கைகள் உரசிக் கண்ணாடிபோல் வழுவழுப்பாக இருந்ததை நான் தடவிப் பார்த்திருக்கிறேன்.

இப்படி ஒரே கட்டடத்துக்கு இரண்டு வாசல்கள் இருந்ததால் இரண்டு வகையான கடைத்தெருக்கள் வளர்ந்தன. ஒழுங்கைப் பக்கத்தில் கச்சான் விற்கும் பெண்கள், பீடி, வெற்றிலை, பிளேன்ரி, பருத்தித்துறை வடை. பிரதான வீதிப் பக்கத்தில் கூல்பார், புகைப்பட ஸ்ரூடியோ, தையற்கடை, எண்பதுகள் பிறந்தபோது பாட்டுக்களை கசற்றில் பதிந்து கொடுக்கும் றெக்கோடிங் பார். தியேட்டருக்கு அயலில் வீடு வைத்திருந்தவர்களுக்குச் சைக்கிள் பாதுகாப்பு ஒரு தொழிலாக இருந்தது. முற்றத்தில் கயிறு கட்டி, இலக்கமிட்ட மட்டைத்துண்டில் ஒன்றைக் கைபிடியிலும் மற்றதை உங்கள் கையிலும் தருவார்கள். நான் சோலைவரிக்கு மதிப்பிடப் போகும்போது இந்த முற்றங்களைக் குடியிருப்பு என்று பதிவதா வியாபாரம் என்று பதிவதா என்று மேலதிகாரியோடு வாதாடியிருக்கிறேன். குடியிருப்பு என்றே பதிந்தோம். இன்றைக்கும் அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன், சட்டப்படி பார்த்தால் பிழையாக இருந்தபோதிலும்.

யாழ்ப்பாண நகரத்துத் தியேட்டர்களிலிருந்து வன்னித் தியேட்டர்களை வேறுபடுத்திய பெரிய விடயம் முன்வளவு. யாழ்ப்பாணத்தின் றீகலும் வின்சரும் வெலிங்டனும் நகர நெரிசலுக்குள், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நடந்துபோகக்கூடிய தூரத்துக்குள் நின்றவை. வன்னியில் இரசிகர் பத்துப் பன்னிரண்டு மைல் தூரத்துக் குடியேற்றத் திட்டங்களிலிருந்து உழவு இயந்திரப் பெட்டியில் குடும்பத்தோடு ஏறி வந்தார். அந்தப் பெட்டிகளும், பின்னாளில் லான்ட்மாஸ்டர் எனும் இருசக்கர உழவு இயந்திரங்களும், தட்டிவான்களும் நிற்பதற்கு வீதிக்கும் முன்சுவருக்கும் இடையில் அரை ஏக்கர் வரை வெறுங்காணி விடப்பட்டது. இரணைமடுக் குளத்தின் நீரில் விளைந்த நெல்தான் அந்த வளவை நிரப்பியது என்று சொன்னால் அது மிகையாகாது. காலபோக அறுவடை முடிந்த மாசி, பங்குனியில் சபைக்கு வரும் களியாட்ட வரி ஏறும். குளத்தில் தண்ணீர் குறைந்து சிறுபோகம் சுருங்கிய வருடங்களில் அது இறங்கும். படம் நல்லதா கெட்டதா என்பதைவிட, குளத்தில் எத்தனை அடித் தண்ணீர் நிற்கிறது என்பதுதான் எங்கள் வரவுசெலவுத் திட்டத்தைத் தீர்மானித்தது.

அந்த வரியைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும், ஏனெனில் உங்கள் தேடலுக்கு அது உதவும். 1946ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் களியாட்ட வரிக் கட்டளைச் சட்டத்தின்படி தியேட்டர் ரிக்கற்றுக்கான வரி உள்ளூர்ச் சபைக்கே உரியது. ரிக்கற் புத்தகங்கள் சபைக்கு வந்து முத்திரை குத்தப்பட்டுத் திரும்பும். விற்றுமுடிந்த அடித்துண்டுகளைக் கொண்டு வரி கணக்கிடப்படும். இடைக்கிடை திடீரென்று போய்த் தலை எண்ணுவதும் எங்கள் கடமை. 1981இல் என்று நினைவு, ஓர் இரவு இரண்டாம் காட்சிக்கு நானும் வருமானப் பரிசோதகரும் போனோம். இடைவேளைக்குச் சற்று முன்னர் கலரிக்குள் டோர்ச் அடித்து எண்ணினால் 180 பேர். வாசலில் கம்பியில் குத்தியிருந்த துண்டுகளோ 127. கிழிக்காமல் வாங்கிய ரிக்கற்றுகள் ஒழுங்கை வழியாகத் திரும்பவும் துவாரத்துக்குப் போய், அடுத்த கைக்கு விற்கப்பட்டிருந்தன. முகாமையாளர் எங்களுக்குச் சோடா உடைத்துக் கொடுத்துவிட்டு, கலரியில் இருந்த மிகுதிப் பேர் சுவரேறிக் குதித்தவர்கள் என்றார். சுவர் பன்னிரண்டு அடி உயரம். ஐம்பத்துமூன்று பேர் சேலையோடும் கைக்குழந்தையோடும் குதித்திருப்பார்கள் என்று நாங்களும் அறிக்கையில் எழுதவில்லை.

தெருவின் நேரசூசியைத் தியேட்டர்தான் வைத்திருந்தது என்பதையே நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பிற்பகல் இரண்டரை, மாலை ஆறரை, இரவு ஒன்பதரை என்று மூன்று காட்சிகள். ஒவ்வொன்றுக்கும் அரை மணி நேரம் முன்னதாகக் கூரையில் கட்டிய ஒலிபெருக்கியில் பாட்டுப் போகும். வயலில் நிற்பவர் அதைக் கேட்டு மணி சொல்வார். ஒன்பதரைக் காட்சி முடிய நள்ளிரவு தாண்டிவிடும். ஆகவே கடைசி ஆள் வீடு திரும்பும் வரை தேநீர்க்கடையில் அடுப்பு எரியும், சைக்கிள் முற்றத்தில் அரிக்கன் லாம்பு எரியும், பெற்றோமக்ஸ் வெளிச்சத்தில் கொத்துரொட்டி அடிபடும். ஒன்பது மணிக்கு அடங்கிவிடும் விவசாய ஊரில் நள்ளிரவு வரை விழித்திருந்த ஒரேயொரு நூறு யார் நீளம் அதுவாகத்தான் இருந்தது. தெருவில் இருந்த மற்ற எந்தக் கட்டடத்துக்கும், வங்கிக்கோ மாவட்ட அரச அலுவலகமான கச்சேரிக்கோ, அந்த வல்லமை கிடையாது.

இனிப் போர் என்ற விடைக்கு வருகிறேன். அது பொய்யன்று, ஆனால் முழுவதுமன்று. போருக்கு முன்பே தியேட்டர்கள் தளரத் தொடங்கியிருந்தன என்பதை வரிப் பதிவுகள் காட்டின. 1972இல் அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் தொடங்கி, படம் இறக்குவதும் பகிர்வதும் அரசின் கைக்குப் போனபின், இந்தியப் படங்கள் குறைந்த பிரதிகளோடு, சில வேளை இந்தியாவில் ஓடி வருடங்கள் கழிந்த பின்பே வந்தன. கொழும்பும் யாழ்ப்பாணமும் ஓடித் தேய்த்த பிரதிதான் வன்னிக்கு இறங்கும். படப்பெட்டி யாழ்தேவியில் வந்து, புகையிரத நிலையத்திலிருந்து தள்ளுவண்டியில் போவதைப் பார்த்துத்தான் நாளைக்குப் படம் மாறுகிறது என்று ஊர் அறியும். வானொலியில் கே. எஸ். ராஜாவின் குரலில் விளம்பரம் கேட்டுப் பல மாதங்கள் காத்திருந்த படம் கீறல் மழையோடு வரும். காத்திருப்பதில் ஒரு சுகமும் இருந்தது என்பார்கள். அதை உங்கள் தந்தையாரிடமே கேளுங்கள். 1982இல் ரூபவாகினி ஒளிபரப்புத் தொடங்கியது. அதற்கு அடுத்த சில வருடங்களில் வெளிநாட்டுக்குப் போன பிள்ளைகள் அனுப்பிய தொலைக்காட்சிப் பெட்டியும் வீடியோ டெக்கும் வீடுகளுக்கு வந்தன. மன்னார்க் கரையில் உயரமான அன்ரனா நட்டு இந்தியத் தூரதர்ஷனையே பிடித்தார்கள். புதுப்படத்தின் கசற் ஒரு கிழமைக்குள் கையில் கிடைக்கும்போது, ஒரு வருடம் பிந்தி வரும் கீறல் பிரதிக்கு யார் உழவு இயந்திரம் பூட்டுவார்?

1983க்குப் பின் இராணுவ நடமாட்டமும் ஊரடங்குச் சட்டமும் முதலில் கொன்றது ஒன்பதரைக் காட்சியை. இதை நான் உறுதியாகச் சொல்வேன், ஏனெனில் சபைக்கு வரும் காட்சி அறிவித்தல்களில் மூன்று இரண்டாகி, சில மாதங்கள் ஒன்றாகவும் ஆனது. இரவுக் காட்சி நின்றதும் கொத்துரொட்டிக் கடை பூட்டியது. பின்னர் சைக்கிள் முற்றங்கள் வேலி அடைத்தன. ஒரு சுவரும் இடியாமலே தெருவின் பாதி போயிற்று. 1990 ஜூனில் போர் மறுபடி மூண்டபின் மீதிப் பாதியும் போனது. கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் தேசிய மின்சாரம் நின்றது. போர் முடிந்த பின்பே அது திரும்பி வந்தது. எரிபொருளும் சீமெந்தும் இரும்பும் பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருள்களாயின. பழைய அரங்குகளில் வெளிச்சம் தந்தது கார்பன் விளக்கு. இரண்டு கார்பன் குச்சிகளின் நுனிகளுக்கிடையில் மின்பொறி எரிந்துகொண்டே இருக்கவேண்டும், அதற்கு வேண்டிய மின்வலு சின்னச் சைக்கிள் டைனமோக் காரியமன்று. மோட்டார் சைக்கிளே மண்ணெண்ணெயில் ஓடிய காலத்தில் அதை ஓட்ட யாராலும் முடியாது. அதே வருடம் ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். தியேட்டர்த் தெருக்களின் பேக்கரிகளிலும் தேநீர்க்கடைகளிலும் துணிக்கடைகளிலும் அவர்களுக்கு இருந்த பங்கை நான் வரி இடாப்பில் பெயர் பெயராகப் பார்த்தவன். கட்டடத்தைப் பற்றிப் பேசும்போது இதை விட்டுவிட்டுப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

படம் பார்ப்பது அதனால் நின்றுவிடவில்லை, இடந்தான் மாறியது. கோயில் திருவிழாவிலும் மஞ்சள் நீராட்டு வீட்டிலும் மின்பிறப்பாக்கியோடு தொலைக்காட்சிப் பெட்டியும் டெக்கும் வாடகைக்கு வந்தன. விடிய விடிய மூன்று படம் ஓடும், காசு பிரிப்பார்கள். விடுதலைப் புலிகளின் ஒளிபரப்புப் பிரிவான நிதர்சனம் தயாரித்த ஒளிவீச்சு போன்ற ஒளிப்பதிவுகளும் ஊர்களில் காட்டப்பட்டன. இந்தக் காட்சிகள் வேலிகளுக்குள்ளும் மரங்களுக்குக் கீழும் நடந்தன. வீதியோரத்தில் கடை எதையும் முளைக்கவைக்கவில்லை. ஓரிரவு மட்டும் வந்து போகும் கூட்டத்துக்காக யாரும் சீமெந்துத் திண்ணை கட்டுவதில்லை.

கிளிநொச்சி நகரம் 1996 செப்ரெம்பரில் இராணுவத்திடமும், 1998 செப்ரெம்பரில் புலிகளிடமும், 2009 ஜனவரி 2இல் மறுபடி இராணுவத்திடமும் கைமாறியது. பதின்மூன்று வருடங்களுக்குள் மூன்று முறை கைமாறிய நகரத்தில் உயர்ந்த கட்டடங்கள் எதுவும் தப்புவது கடினம். வீழ்ந்து கிடக்கும் நீர்த்தாங்கியை நீங்களே பார்த்திருப்பீர்கள். தியேட்டரின் முன்சுவரும் பல்கனியும் உயர்ந்தவை, தடித்தவை. ஆகவே அவை காவலரணாகப் பயன்பட்டிருக்கும், இலக்காகவும் ஆகியிருக்கும் என்பது என் ஊகம். ஊகம் என்பதைக் கோடிட்டுச் சொல்கிறேன். புகையிரதப் பாதையின் தண்டவாளங்களும் சிலிப்பர்களும் பதுங்குகுழிகளுக்குப் போயின என்பது எல்லோரும் அறிந்தது. தியேட்டர்க் கூரையின் இரும்பு வளைகளும் அப்படியே போயின என்று ஊரவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன், கண்ணால் காணவில்லை. முல்லைத்தீவுக் கரையைப் பொறுத்தவரை 2004 டிசெம்பர் 26இன் ஆழிப்பேரலையையும் கணக்கிற் சேர்க்கவேண்டும்.

போர்தான் ஒரே காரணம் என்பவர்களுக்கு நான் வவுனியாவைக் காட்டுவது வழக்கம். வவுனியா நகரம் தரைமட்டமாகவில்லை. மின்சாரம் இருந்தது, 1990க்குப் பின் வடபகுதிப் புகையிரதம் அதனோடு நின்றுவிட்டதால் சனமும் குவிந்தது, இடம்பெயர்ந்தவர்களால் ஊர் ஒன்றுக்கு மூன்றாகப் பெருத்தது. தியேட்டர் செழிக்க இதைவிட வேறென்ன வேண்டும் என்று தோன்றும். ஆனால் நடமாட அனுமதிச்சீட்டு வேண்டிய பாஸ் நடைமுறையும் சோதனைச் சாவடிகளும் இருந்த ஊரில், பொழுதுபட்டபின் வரிசையில் நிற்க யாருக்கும் மனம் வராது. பகற்காட்சிக்குக் கூட்டம் இருந்தது, இரவுத் தெரு இருக்கவில்லை. அதேவேளை நகரத்தின் நடுவில் காணி விலை ஏறியது. தொண்ணூறுகளின் பிற்பகுதியில், பாவனையில்லாதிருந்த ஓர் அரங்கை நெற்களஞ்சியமாக மாற்றுவதற்கான வரைபடம் என் மேசைக்கு வந்தது. திரையை நோக்கிச் சரியும் தரையைச் சமப்படுத்தாமல் மூட்டை அடுக்க முடியாது. கிரவல் கொட்டி நிரப்பினார்கள். திரைப்பக்கத்தில் மூன்றரை அடி நிரப்பவேண்டி வந்தது. வேலை முடிந்தபின் பார்க்கப் போனால், கலரியின் பக்கக் கதவுகள் வெளியிலிருந்து பார்க்க முழுக்கதவாகவும் உள்ளேயிருந்து பார்க்க யன்னலாகவும் நின்றன. ஒரு தொழிலாளி அந்த யன்னலில் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். முன்வளவில் ஆறு கடைகள் எழுந்தன, அதற்கும் நான்தான் அளந்து கொடுத்தேன். அங்கே குண்டு விழவில்லை, ஆனால் நீங்கள் தேடுகிற தெரு அங்கேயும் இல்லை.

2009க்குப் பின் நடந்தவற்றில் இரண்டைத்தான் முக்கியமாகக் கருதுகிறேன். ஒன்று வீதி. ஏ-9 புதிதாகக் கார்பெற் போடப்பட்டு நகரப் பகுதிகளில் அகலிக்கப்பட்டபோது, வீதி மத்தியிலிருந்து அளக்கும் கட்டட எல்லையும் உள்ளே தள்ளிப்போனது. அப்படி அகலிக்கும்போது முதலில் போவது வெறுமையாகக் கிடக்கும் நிலம், அதாவது தியேட்டரின் முன்வளவு. எஞ்சிய துண்டில் கட்டுகிறவர் புதிய எல்லைக் கோட்டில் கடை முகத்தைக் கொண்டுவந்து வைப்பார். வாடகை அங்கேதான் இருக்கிறது. ஆகவே எல்லாக் கடைகளும் ஒரே கோட்டில் நிற்கின்றன, கூட்டம் திரண்டு நிற்கக்கூடிய பின்வாங்கிய இடம் எதுவும் தெருவில் இல்லை. தந்தையார் சொன்ன வீதியை நீங்கள் அடையாளம் காண முடியாமற் போனதற்குக் கட்டடங்களைவிட இந்த நேர்கோடுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

மற்றது காணி. கிளிநொச்சியில் பெரும்பகுதி நிலம் குடியேற்றத் திட்டத்தின்கீழ் 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டப்படி கொடுக்கப்பட்ட அனுமதிப்பத்திரக் காணி. தனியார் உரித்துப் பத்திரமுள்ள உறுதிக் காணியைப்போல அதை நினைத்தபடி விற்கவோ பிரிக்கவோ முடியாது. பத்திரம் யாருடைய பெயரில் இருந்ததோ அவர் இறந்து, பிள்ளைகள் மூன்று நாடுகளில் இருந்து, பிரதியும் இடப்பெயர்வில் தொலைந்திருந்தால், அந்தத் துண்டில் நிரந்தரமான பெரிய கட்டடம் எதற்கும் வங்கி கடன் கொடுக்காது. உறுதிக் காணிகளில் வேறு சிக்கல்: சொந்தக்காரர் இல்லாத காலத்தில் பத்து வருடங்களுக்கு மேல் இருந்தவர்கள் ஆட்சியுரிமை கோரினார்கள். 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம், போரினால் தன் காணிக்குப் போக முடியாதிருந்தவருக்கு எதிராக 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தை அந்தக் கணக்கிற் சேர்க்கக்கூடாது என்றது. நல்ல சட்டம், ஆனாலும் வழக்கு வழக்குத்தான். வழக்கு முடியும் வரை தகரக் கொட்டிலும் வாடகைக் கடையும் மட்டுமே எழும்பும். இன்று வன்னியில் ஓடும் அரங்குகளில் சென்னையில் வெளியாகும் நாளிலேயே படம் வருகிறது, கார்பனும் ரீலும் வேண்டியதில்லை. ஆனால் பார்க்க வருகிறவர் மோட்டார் சைக்கிளில் வந்து, முடிந்ததும் ஏறிப் போய்விடுகிறார். தேநீர்க்கடைக்கு அவர் தேவையான அளவு நேரம் நிற்பதில்லை.

இப்போது உங்கள் தந்தையாரின் தியேட்டர். 2010இல், கண்ணிவெடி அகற்றி முடிந்திருந்த ஒரு சிதைவை அளக்கப் போனபோது நடந்ததைச் சொல்கிறேன், அது உங்களுக்கும் ஒரு முறையாக உதவும். கூரை இல்லை, முன்சுவர் இல்லை, இரண்டு பக்கச் சுவர்களின் அடிப்பாகம் மட்டும் பற்றைக்குள் நின்றது. கூடவந்த கிராம அலுவலர் அது கூட்டுறவுச் சங்கக் களஞ்சியம் என்றார். நான் கையிலிருந்த தண்ணீர்ப் போத்தலைத் திறந்து தரையில் ஊற்றினேன். களஞ்சியத் தரையானால் ஊற்றிய இடத்தில் தேங்கும். அது ஒரு கணம் யோசித்துவிட்டு, ஒரே திசையில், சீராக, ஓர் அரசங்கன்று முளைத்திருந்த கிழக்கு மூலையை நோக்கி ஓடியது. திரை இருந்த பக்கம் அதுதான். எதிர்ப்பக்கத்துக் குவியலுக்குள் கொங்கிறீற்றுப் பலகத் துண்டொன்றில் நான்கு இரும்பு மரையாணிகள் நிமிர்ந்து நின்றன. புரஜெக்டரின் கால்கள் பூட்டப்பட்ட இடம். இன்னொரு துண்டில் சதுரத் துளை. ஒரு புரஜெக்டருக்கு இரண்டு துளைகள் விடுவார்கள், ஒன்றால் ஒளி போகும், மற்றதால் ஒப்பரேட்டர் எட்டிப் பார்ப்பார். ரீல் முடிய மாற்றுவதற்கு இரண்டு புரஜெக்டர்கள் வேண்டும் என்பதால் மொத்தம் நான்கு. பழைய காலத்து நைத்திரேற்றுப் படச்சுருள் தீப்பிடிக்கும் என்பதால் அந்தத் துளைகளுக்கு இரும்பு மூடி வைப்பது விதி. துளையின் இரு பக்கமும் மூடி வழுக்கி இறங்கும் தவாளிப்பு இருந்தால் அது தியேட்டரே, வேறு விளக்கம் கிடையாது.

நீங்கள் நடந்த பகுதியில் தரையும் மிஞ்சியிராது என்பதால், காகிதத்திலிருந்து தொடங்குங்கள். நூலகம் இணையத்தளத்தில் பழைய கோயில் மலர்களும் பாடசாலை மலர்களும் மின்வடிவில் இருக்கின்றன. அவற்றின் கடைசிப் பக்கங்களில் ஊர்க் கடைகள் கொடுத்த விளம்பரங்களில் "தியேட்டருக்கு முன்பாக", "தியேட்டர் ஒழுங்கை" என்று முகவரி போட்டிருப்பார்கள்; தியேட்டரின் விளம்பரத்தைவிட அயற்கடையின் விளம்பரந்தான் இடத்தைத் துல்லியமாகச் சொல்லும். நில அளவைத் திணைக்களத்தில் 1956இல் எடுத்த வான்படங்கள் உண்டு. உங்கள் தியேட்டர் அதற்குப் பிந்தியதாக இருக்கக்கூடும், ஆனால் அக்காலத்துக் காணித்துண்டுகளின் எல்லை அதில் தெரியும். பிறகு வாய்மொழி. முச்சக்கரவண்டிக்காரரிடம் கேட்காதீர்கள், அவர்களிற் பலர் 2009க்குப் பின் பிறந்த வீதியைத்தான் அறிவார்கள். சைக்கிள் திருத்தும் முதியவர் ஒருவரைப் பிடித்து, தியேட்டர் எங்கே என்று கேளாமல், தியேட்டரடி எது என்று கேளுங்கள். ஆலடி, புளியடி, கோயிலடி என்பதைப்போல மரம் தறிக்கப்பட்ட பின்னும் அடி நிற்கும்.

தந்தையார் பயணம் செய்யக்கூடிய நிலையில் இருந்தால் அவரையே கூட்டிப் போங்கள். வீதியில் நிறுத்தி அடையாளம் காட்டச் சொல்லாதீர்கள், வீதிதான் மாறிவிட்டதே. புகையிரதப் பாதை பழைய தடத்திலேயே போடப்பட்டு 2013இல் கிளிநொச்சிக்குப் புகையிரதம் திரும்பியது. ஆகவே நிலையத்திலிருந்து தொடங்குங்கள். படம் பார்க்கப் போகும்போது எந்தக் கைப்பக்கம் திரும்பினார், கலரியா பல்கனியா, கலரியானால் ஒழுங்கைக்குள் எத்தனை எட்டு நடந்து வரிசையில் சேர்ந்தார், பிற்பகல் காட்சி முடிந்து வெளியே வரும்போது வெயில் முகத்தில் அடித்ததா முதுகில் அடித்ததா என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு அவர் சொல்லும் விடையை எனக்கு எழுதி அனுப்பினால், வாசல் எந்தத் திசையைப் பார்த்தது என்பதையும், வீதியின் எந்தப் பக்கத்தில் தேடவேண்டும் என்பதையும் என்னால் சொல்ல முடியும்.